பிரிந்துபோகும் உரிமை: டோர் உலாவி வந்த வழி

2014-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன், பெல்ஜியத்தின் லூவன் ஆகிய பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் உலகின் முன்னணி ஒரு லட்சம் இணையதளங்களைச் சோதித்துப் பார்த்தார்கள். அவற்றில் நூற்றுக்கு ஐந்துக்கும் மேற்பட்டவை, வருகிறவரின் கணினியை அவருக்குத் தெரியாமலே ஒரு படம் வரையச் சொல்லி, அந்தப் படத்தில் விழும் நுண்ணிய வேறுபாடுகளைக் கொண்டு அவரை அடையாளம் கண்டுகொண்டிருந்தன. குக்கீயை அழித்துவிட்டு வந்தாலும் பயனில்லை. கணினியில் இருக்கும் எழுத்துருக்களும் வரைகலைச் சில்லும் இயங்குதளமும் சேர்ந்து விட்டுச் செல்லும் தடயம் அது. இந்த உத்தியைத் தடுக்கும் மென்பொருள் ஏதாவது உண்டா என்று தேடியவர்களுக்கு அன்று ஒன்றே ஒன்றுதான் அகப்பட்டது: டோர் உலாவி. கூகுளிடமும் மைக்ரோசாஃப்ட்டிடமும் ஆப்பிளிடமும் பொறியாளர்களுக்கா பஞ்சம்? நன்கொடையிலும் மானியத்திலும் காலம் தள்ளும் ஒரு சிறிய அமைப்பு செய்ததை அவர்கள் ஏன் செய்யவில்லை? “அது திறந்த மூல மென்பொருள், நிரலை எல்லோரும் பார்க்கலாம், அதனால் ஏமாற்ற முடியாது” என்பது வழக்கமாகக் கிடைக்கும் பதில். அது பாதிப் பதில்தான். பார்க்க முடிவதால் மட்டும் எந்த உலாவியும் பயனரின் அந்தரங்கத்தைக் காத்துவிடவில்லை. தாய் மென்பொருள் செய்யத் தயங்கியதை, அதன் நிரலை எடுத்துக்கொண்டு வெளியே போய்ச் செய்துபார்க்கும் உரிமையும், செய்து முடித்ததைத் தாயிடமே கொண்டுவந்து சேர்க்கும் வழியும் இருந்த இடத்தில்தான் காப்பு உருவாயிற்று என்பதை உலாவிகளின் முப்பது ஆண்டு வரலாறு காட்டுகிறது.

அந்த வரலாறு குக்கீயில் தொடங்குகிறது. வலையின் அடிப்படை விதிமுறையான எச்டிடிபிக்கு ஞாபகம் கிடையாது. ஒரு பக்கத்தைக் கேட்டால் கொடுக்கும். அடுத்த பக்கத்தைக் கேட்கும்போது கேட்பவர் சற்றுமுன் வந்தவர்தானா என்று அதற்குத் தெரியாது. இணையக் கடை நடத்த வேண்டுமென்றால் இந்த மறதி பெரிய இடைஞ்சல். 1994-இல் எம்சிஐ என்ற தொலைத்தொடர்பு நிறுவனம், வாடிக்கையாளர் பாதியில் விட்டுச்சென்ற கொள்முதல் விவரங்களைத் தன் சர்வரில் சுமக்க விரும்பாமல் நெட்ஸ்கேப் நிறுவனத்திடம் வழி கேட்டது. அங்கே வேலை பார்த்த லூ மொன்டூலி கண்ட வழிதான் குக்கீ: தளம் ஒரு சிறு குறிப்பை உலாவியிடமே கொடுத்துவைக்கும், அடுத்த முறை வரும்போது உலாவி அதைத் திருப்பிக் காட்டும். மொன்டூலிக்கு நியாயம் செய்ய வேண்டும். ஒவ்வொரு உலாவிக்கும் நிரந்தர எண் ஒன்றைக் கொடுத்துவிடலாம் என்ற எளிய யோசனையை அவர் ஒதுக்கினார். அப்படிச் செய்தால் எல்லாத் தளங்களும் ஒரே எண்ணை வைத்து ஒருவரைத் தொடர முடியும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. குறிப்பைக் கொடுத்த தளம் மட்டுமே அதைத் திரும்பப் பெறலாம் என்ற விதி அதற்காகத்தான் வந்தது. ஆனால் ஒரு வலைப்பக்கம் ஒரே சர்வரிலிருந்து வந்தாக வேண்டியதில்லை. செய்தித்தளத்தின் பக்கத்துக்குள் விளம்பர நிறுவனத்தின் படம் ஒன்று வரலாம். அந்தப் படத்தோடு அந்த நிறுவனத்தின் குக்கீயும் வரும். ஆயிரம் தளங்களில் ஒரே நிறுவனத்தின் படம் இருந்தால், அந்த ஆயிரம் தளங்களிலும் ஒருவர் நடந்த நடையெல்லாம் ஒரே ஏட்டில் பதிவாகும். 1990-களின் நடுவில் தோன்றிய டபுள்கிளிக் நிறுவனம் இந்த ஓட்டைக்குள் ஒரு தொழிலையே கட்டி எழுப்பியது.

ஓட்டை தெரியாமல் போகவில்லை. இணையத்தின் விதிமுறைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பு 1997 பிப்ரவரியில் வெளியிட்ட குக்கீ விதிமுறை ஆவணம், பயனர் தானாக எதையும் மாற்றாத நிலையில் மூன்றாம் தரப்புக் குக்கீகளை உலாவி ஏற்கக் கூடாது என்று தெளிவாகவே சொன்னது. அதை எழுதிய இருவர் பெல் ஆய்வகத்தின் டேவிட் கிறிஸ்டலும் சாட்சாத் மொன்டூலியும்தான். விளம்பர நிறுவனங்கள் ஆட்சேபித்தன. நெட்ஸ்கேப்பும் மைக்ரோசாஃப்ட்டும் அந்த விதியைப் பின்பற்றவில்லை. நெட்ஸ்கேப்பின் நான்காம் பதிப்பில் மூன்றாம் தரப்புக் குக்கீயை மறுக்க ஒரு தெரிவு இருந்தது. ஆனால் பயனர் தேடிப் போய் மாற்றாத வரை எல்லாக் குக்கீயும் ஏற்கப்பட்டது. மென்பொருளில் தொடாமல் விட்டால் இருக்கும் நிலைதான் கிட்டத்தட்ட எல்லோருக்கும் உரிய நிலை. அமைப்புகளின் மூன்றாம் அடுக்குக்குள் ஒளிந்திருக்கும் தெரிவு பெயரளவுக்குத்தான் தெரிவு. நெட்ஸ்கேப் ஏன் அப்படி வைத்தது என்பதற்குச் சதிக் கதை எதுவும் தேவையில்லை. மாணவர்களும் ஆசிரியர்களும் அதன் உலாவியை இலவசமாகப் பெற்றார்கள், மற்றவர்களில் பலரும் காசு கொடுக்காமலே பயன்படுத்தினார்கள். நிறுவனம் காசு பார்க்க நினைத்தது தளம் நடத்துகிறவர்களுக்கு விற்ற சர்வர் மென்பொருளில். கட்டணம் செலுத்தியவருக்கு எது வசதியோ அதுவே இயல்புநிலை ஆயிற்று. 2011-இல் வந்த புதிய குக்கீ ஆவணம், நடைமுறையில் உள்ளதை விவரிப்பதோடு தன் வேலையை முடித்துக்கொண்டது.

இந்த இடத்தில் “நிரல் திறந்திருந்தால் நடந்திருக்குமா” என்று கேட்கத் தோன்றும். நெட்ஸ்கேப்பின் நிரல் மூடியிருந்த காலத்திலேயே அதைப் பிரித்து ஆராய்ந்தவர்கள் உண்டு. 1995 செப்டம்பரில் பெர்க்லியில் மாணவர்களாக இருந்த ஐயன் கோல்ட்பெர்க், டேவிட் வாக்னர் இருவரும், நெட்ஸ்கேப் உலாவி மறைகுறியாக்கத்துக்குப் பயன்படுத்திய ‘தற்செயல்’ எண்கள் கணினியின் கடிகார நேரத்திலிருந்தும் இயங்கும் நிரல்களின் வரிசை எண்களிலிருந்தும் பிறக்கின்றன, ஆகவே ஊகித்துவிடலாம் என்று காட்டினார்கள். செய்தி பத்திரிகைகளில் வந்தது. நெட்ஸ்கேப் விரைந்து திருத்தியது. குக்கீயின் ஓட்டையும் இதைப் போலவே பகிரங்கமாக அறியப்பட்டதுதான். அது ஏன் திருத்தப்படவில்லை? முதலாவது பிழை, நிறுவனத்துக்கு அவமானம். யாருக்கும் அதில் வருமானம் இல்லை. இரண்டாவது, ஒரு தொழிலின் மூலதனம். கண்கள் பல இருந்தால் பிழைகள் அகப்படும் என்பது உண்மை. யாரோ வருமானம் பார்க்கும் ஏற்பாட்டை மாற்றக் கண்கள் போதாது. நிரலைத் தொட்டு மாற்றி, மாற்றியதை மக்கள் கையில் கொடுக்கும் அதிகாரம் வேண்டும்.

அந்த அதிகாரம் வந்தது ஒரு தோல்வியின் விளைவாக. விண்டோஸோடு இலவசமாகச் சேர்த்துக் கொடுக்கப்பட்ட இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரிடம் தோற்றுக்கொண்டிருந்த நெட்ஸ்கேப், தன் உலாவியின் மூல நிரலைப் பொதுவில் வைக்கப்போவதாக 1998 ஜனவரியில் அறிவித்து மார்ச் 31 அன்று வெளியிட்டது. மொசில்லா திட்டம் அன்று பிறந்தது. அதற்கான உரிமத்தை எழுதியவர் நெட்ஸ்கேப்பின் சட்டப் பிரிவிலிருந்த மிட்செல் பேக்கர். அதன் சாரம்: நிரலை யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம்; ஆனால் திருத்திய கோப்புகளை மற்றவருக்குத் தரும்போது அவற்றின் மூலத்தையும் திறந்தே தர வேண்டும். எடுத்துப் போகவும் வழி உண்டு, எடுத்துப் போனது திரும்பி வரவும் வழி உண்டு. அமெரிக்காவின் ஏற்றுமதிச் சட்டத்தால் வெளியிட்ட நிரலிலிருந்து மறைகுறியாக்கப் பகுதியை நெட்ஸ்கேப் வெட்டி எடுத்திருந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்த நிரலாளர்கள் ஒரு நாளைக்குள் தங்கள் சொந்த நிரலால் அந்த இடத்தை நிரப்பிவிட்டார்கள். அதன் பிறகு வந்த காலம் அவ்வளவு உற்சாகமானதில்லை. பழைய நிரலை ஒதுக்கிவிட்டு ஏறக்குறைய முதலிலிருந்து எழுத வேண்டியிருந்தது, திட்டத்தின் முன்னோடிகளில் ஒருவரான ஜேமி சவின்ஸ்கி ஓராண்டிலேயே வெறுத்து வெளியேறினார், 1.0 பதிப்பு வர 2002 ஜூன் ஆயிற்று.

வந்த மொசில்லாவும் பெரிய மூட்டை. உலாவி, அஞ்சல், பக்கம் எழுதும் கருவி எல்லாம் ஒரே கட்டாக இருந்தன. அதைப் பொறுக்காமல் பிளேக் ராஸும் டேவ் ஹயட்டும் ஒரு பரிசோதனைக் கிளையாகத் தொடங்கியதுதான் ஃபீனிக்ஸ். பெயர்த் தகராறுகளால் இரண்டு முறை பெயர் மாறி பயர்பாக்ஸ் ஆகி, 2004 நவம்பர் 9 அன்று 1.0 எட்டியது. அதற்கு முந்தைய ஆண்டு, நெட்ஸ்கேப்பை விழுங்கியிருந்த ஏஓஎல் நிறுவனம் கைகழுவியபோது இருபது லட்சம் டாலரைக் கொடுத்து அனுப்ப, மொசில்லா ஓர் இலாப நோக்கற்ற அறக்கட்டளை ஆகியிருந்தது. கிளையாகத் தொடங்கியதே பின்னர் அடிமரம் ஆனதை இங்கே கவனிக்க வேண்டும். திறந்த உரிமத்தின் பலன் தமிழ்வரை எட்டியது. தன்னார்வலர்கள் உழைப்பில் பயர்பாக்ஸ் தமிழில் வந்தது, ஒரு கட்டத்தில் இலங்கைத் தமிழுக்கெனத் தனிப் பதிப்பும் இருந்தது. சந்தைக் கணக்குப் பார்க்கும் எந்த நிறுவனமும் அந்த நாளில் அதைச் செய்திருக்காது. ஆனால் அறக்கட்டளைக்கும் சோறு வேண்டுமே. உலாவியின் தேடல் பெட்டியில் கூகுளை வைப்பதற்குக் கூகுள் கொடுத்த பணம் அதற்கு உணவாயிற்று. 2005-லேயே மொசில்லாவின் வருமானம் ஐந்து கோடி டாலரைத் தாண்டியது. அதில் பெரும்பகுதி இந்த வகையில் வந்தது. 2008-இல் கூகுள் டபுள்கிளிக்கை வாங்கி முடித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் குரோம் உலாவியையும் வெளியிட்டது.

இனி டோருக்கு வருவோம். அதன் ஊற்று வேறு. 1995-இல் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் பால் சைவர்சன், மைக்கேல் ரீட், டேவிட் கோல்ட்ஷ்லாக் மூவரும், யார் யாரோடு தொடர்பு கொள்கிறார்கள் என்பதையே மறைக்க முடியுமா என்று ஆராய்ந்தார்கள். செய்தியின் உள்ளடக்கத்தைப் பூட்டுவது பழைய வித்தை. இந்த முகவரியிலிருந்து அந்த முகவரிக்குச் செய்தி போனது என்ற தடயம் பூட்டுக்கு வெளியே கிடக்கும். அவர்கள் கண்ட தீர்வு, செய்தியைப் பல அடுக்குப் பூட்டுக்குள் வைத்து இடைநிலையங்கள் வழியே அனுப்புவது. ஒவ்வொரு நிலையமும் தன் அடுக்கை மட்டும் உரிக்கும். முந்தைய நிலையமும் அடுத்த நிலையமும் தவிர வேறெதுவும் அதற்குத் தெரியாது. வெங்காயத்தின் பெயரால் அந்த முறையை அழைத்தார்கள். ராஜர் டிங்கிள்டைனும் நிக் மாத்யூசனும் சேர்ந்த பிறகு 2002 அக்டோபரில் டோர் வலையமைப்பு இயங்கத் தொடங்கியது, நிரலும் திறந்த உரிமத்தில் வந்தது. கடற்படை தன் கருவியை ஏன் எல்லோருக்கும் கொடுத்தது? கடற்படையினர் மட்டும் பயன்படுத்தும் வலையமைப்பில் வருகிற ஒவ்வொருவரும் கடற்படை ஆள் என்று தெரிந்துவிடும். மறைந்துகொள்ளக் கூட்டம் வேண்டும். கூட்டத்தில் எல்லா வகை மனிதரும் இருக்க வேண்டும். அவர்கள் நம்பி வர வேண்டுமென்றால் நிரல் திறந்திருக்க வேண்டும். இங்கே திறப்பு, தர்மத்துக்காக வந்ததில்லை. இயந்திரம் ஓட அது தேவைப்பட்டது.

ஆனால் வலையமைப்பு முகவரியைத்தான் மறைத்தது. அதன் மேல் உட்கார்ந்திருந்த உலாவியோ பழைய குக்கீகளையும் வரலாற்றையும் நீட்சிகளையும் தூக்கிக்கொண்டு திரிந்தது. முகமூடி போட்டுக்கொண்டு சட்டைப்பையில் பெயர் எழுதிய அட்டையைச் செருகிக்கொள்வது போன்ற நிலை அது. முதல் மருந்தாக வந்தது டோர்பட்டன் என்ற பயர்பாக்ஸ் நீட்சி: ஒரு பொத்தானை அழுத்தினால் டோர் வழியே போகலாம், மறுபடி அழுத்தினால் சாதாரண வழிக்குத் திரும்பலாம். நடைமுறையில் அது சிக்கலாயிற்று. இரு நிலைகளையும் ஒன்றோடொன்று கலக்காமல் வைத்திருப்பது நீட்சியின் சக்திக்கு மீறிய வேலை. தான் எந்த நிலையில் இருக்கிறோம் என்று பயனரும் குழம்பினார். 2008-இல் பயர்பாக்ஸையும் டோரையும் ஒரே பொதியாகக் கட்டித் தரும் வேலை தொடங்கியது. 2011-இல் டோர்பட்டனைப் பராமரித்த மைக் பெர்ரி அந்தப் பொத்தான் முறையையே கைவிடுவதாக அறிவித்தார். நீட்சி எழுதினால் போதாது, உலாவியின் உள்நிரலையே மாற்ற வேண்டும் என்பது முடிவு. உரிமம் இல்லாமல் இந்த முடிவை எடுத்திருக்க முடியாது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு நீட்சி எழுத முடிந்தது. அதன் வயிற்றுக்குள் கைவிட மைக்ரோசாஃப்ட்டைத் தவிர யாராலும் முடியவில்லை.

உள்ளே கைவைத்த பிறகுதான் பெரிய வேலைகள் நடந்தன. 2010-இல் மின்னணு எல்லைப்புற அறக்கட்டளையின் பீட்டர் எக்கர்ஸ்லி ஏறத்தாழ நான்கு லட்சத்து எழுபதாயிரம் உலாவிகளின் தடயங்களைச் சேகரித்து ஆராய்ந்தார். அவற்றில் 83.6 விழுக்காடு வேறெந்த உலாவியோடும் ஒத்துப்போகாமல் தனித்துத் தெரிந்தன. திரையின் அளவு, எழுத்துருப் பட்டியல், நேர மண்டலம், நீட்சிகள் என ஒவ்வொன்றும் அற்பமான தகவல்; சேர்த்து வைத்தால் கைரேகை. அதற்கு டோர் உலாவி கொடுத்த விடை விசித்திரமானது: தகவலை மறைக்காதே, எல்லோருக்கும் ஒரே தகவலைச் சொல். சாளரத்தைக் குறிப்பிட்ட அளவுகளிலேயே திற. நேரத்தை உலகப் பொது நேரமாகக் காட்டு. கணினி வரையும் படத்தைத் தளம் திரும்பப் படிக்க முயன்றால் வெற்றுப் படத்தைக் கொடு. தமிழ் வாசகருக்கு இதில் ஒரு நெருடல் உண்டு. தமிழில் பக்கங்களைத் தா என்று உலாவி ஒவ்வொரு தளத்துக்கும் சொல்வது உலகக் கணக்கில் அரிதான வேண்டுகோள். ஆகவே அது வலுவான அடையாளம். டோர் உலாவி தரும் வழி, ஆங்கிலப் பக்கங்களையே கேட்பதுபோல் காட்டிக்கொள்வது. சிறு மொழிக்காரருக்கு மறைவிடம் கிடைக்கப் பெருமொழியின் உடுப்பை மாட்ட வேண்டியிருக்கிறது. இந்த விலையைக் குறை சொல்லலாம்; ஆனால் கணக்கு அப்படித்தான் வருகிறது. இன்னொரு வேலை குக்கீயைப் பற்றியது. முகவரிப் பட்டையில் உள்ள ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனி அறை ஒதுக்கி, உள்ளே வரும் மூன்றாம் தரப்பு எந்தத் தடயத்தை வைத்தாலும் அது அந்த அறையை விட்டு வெளியே போகாதபடி டோர் உலாவி பிரித்துவைத்தது.

இதே காலத்தில் அடிமரமான பயர்பாக்ஸ் என்ன செய்துகொண்டிருந்தது? இந்தக் கட்டுரையின் வாதத்துக்கு மிக வலுவான சான்று இங்கேதான் இருக்கிறது. 2013 பிப்ரவரியில் ஸ்டான்ஃபோர்டின் ஆய்வு மாணவர் ஜோனதன் மேயர், பயனர் நேரடியாகப் போகாத தளங்களின் குக்கீயைப் பயர்பாக்ஸ் இயல்பாகவே மறுக்கும்படி ஒரு திருத்தத்தை எழுதித் தந்தார். சிறிய திருத்தம்தான். மொசில்லா ஏற்றுக்கொண்டு சோதனைப் பதிப்புகளில் சேர்த்தது. விளம்பரத் துறையின் சங்கங்கள் வெகுண்டெழுந்தன. சிறு பதிப்பாளர்கள் அழிந்துபோவார்கள் என்றன. மே மாதம் மொசில்லா இன்னும் ஆராய வேண்டும் என்று தள்ளிவைத்தது. நிரல் திறந்திருந்தது, திருத்தம் எழுதப்பட்டிருந்தது, உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. ஆயினும் இயல்புநிலை மாறவில்லை. மூன்றாம் தரப்பில் கண்காணிப்பாளர் என்று அறியப்பட்டவர்களின் குக்கீகளையாவது எல்லாப் பயனருக்கும் பயர்பாக்ஸ் தடுத்தது 2019 செப்டம்பரில்தான். ஆறரை ஆண்டுகள். அந்த இடைவெளி முழுவதும் அதே நிரலின் மேல் கட்டப்பட்ட டோர் உலாவி, யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் தன் வழியில் போய்க்கொண்டிருந்தது. விளம்பரச் சங்கங்கள் டோரை வற்புறுத்த எதுவுமில்லை. அது அவர்களிடம் எதையும் வாங்கவில்லை.

பிறகு திரும்பும் பயணம். ஒவ்வொரு பயர்பாக்ஸ் நீள்ஆதரவுப் பதிப்பு வரும்போதும் தங்கள் ஒட்டுகளை மறுபடி பொருத்துவது டோர் குழுவுக்குப் பெரும்பாடாக இருந்தது. 2016-இல் மொசில்லா, அந்த ஒட்டுகளை பயர்பாக்ஸுக்குள்ளேயே எடுத்துக்கொள்ளும் வேலையைத் தொடங்கியது. டோரின் தனி அறை முறை 2017-இல் பயர்பாக்ஸ் 52-இல் மறைவான அமைப்பாக நுழைந்தது. படம் வரைந்து அடையாளம் காணும் உத்திக்கு எதிரான தடை 2018 ஜனவரியில் பயர்பாக்ஸ் 58-இல், அதுவும் மறைவான அமைப்பாகவே வந்தது. தனி அறை முறையை அப்படியே எல்லோருக்கும் போட்டால் சில தளங்களில் உள்நுழைவு உடையும். ஆகவே மொசில்லாவின் பொறியாளர்கள் அதை இளக்கி, தேவைப்படும் இடத்தில் மட்டும் கதவு திறக்கும்படி மாற்றினார்கள். 2021 பிப்ரவரியில் கண்டிப்பான அமைப்பைத் தேர்ந்தவர்களுக்கும், 2022 ஜூனில் கணினியில் பயர்பாக்ஸ் வைத்திருக்கும் எல்லோருக்கும் அது இயல்புநிலை ஆயிற்று. 1997-இன் ஆவணம் கேட்டதற்கு நெருக்கமான ஒன்று கால் நூற்றாண்டு கழித்து, ஒரு சிறு கிளையைச் சுற்றிக்கொண்டு, கோடிக்கணக்கானவர்களின் திரைக்கு வந்து சேர்ந்தது. டோரின் பெயரே அறியாதவர்களும் அதன் பலனை அனுபவிக்கிறார்கள்.

எதிர்வாதங்களில் மிக வலுவானது ஆப்பிளைப் பற்றியது. சஃபாரி 2003-லேயே மூன்றாம் தரப்புக் குக்கீகளை இயல்பாகக் கட்டுப்படுத்தியது. 2017-இல் கண்காணிப்பாளர்களைத் தானே கண்டறிந்து ஒடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. 2020 மார்ச்சில் மூன்றாம் தரப்புக் குக்கீகளை முழுவதும் நிறுத்தியது. சஃபாரி திறந்த மூல உலாவி இல்லை. அப்படியானால் திறப்புக்கும் காப்புக்கும் என்ன தொடர்பு? ஆப்பிளுக்கு உரிய பெருமையை மறுப்பதில் பொருளில்லை; பயனரின் இயல்புநிலையில் அது பயர்பாக்ஸை முந்தியது. ஆனால் அது முந்திய காரணத்தைப் பார்க்க வேண்டும். ஆப்பிள் விற்பது கருவியை. கட்டணம் செலுத்துகிறவர் பயனரே. இயல்புநிலை, காசு வரும் திசையைப் பின்பற்றும் என்று நெட்ஸ்கேப் கதையில் பார்த்த விதிக்கு இது இன்னொரு சான்று, மறுதலைச் சான்று இல்லை. கூகுளைத் தேடல் பெட்டியில் வைக்க ஆப்பிளும் பெரும் பணம் வாங்குகிறது என்பதையும் மறக்க வேண்டாம். மேலும், ஆப்பிள் கொடுத்ததை ஆப்பிள் நாளை திரும்பப் பெற்றால் பயனர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. சஃபாரியின் உள்ளியந்திரமான வெப்கிட், கேடிஇ தன்னார்வலர்கள் எழுதிய கேஎச்டிஎம்எல் என்ற திறந்த நிரலிலிருந்து பிரிந்து வந்தது என்பது ஓரத்தில் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி. பிரிந்துபோகும் உரிமை ஆப்பிளுக்கும் உதவியிருக்கிறது.

இரண்டாவது எதிர்வாதம் குரோமியம். அதுவும் திறந்த மூலம்தானே, அதன் மேல் எழுந்த குரோம் ஏன் இப்படி? மூன்றாம் தரப்புக் குக்கீகளை இரண்டு ஆண்டுகளில் நிறுத்துவோம் என்று 2020 ஜனவரியில் கூகுள் அறிவித்தது. பல முறை தள்ளிப்போட்டு 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. இது என் வாதத்துக்கு எதிரானதாகத் தோன்றலாம். எனக்கோ ஆதாரமாகப் படுகிறது. திறந்த நிரல் தன்னளவில் எதையும் காக்காது என்றுதான் சொல்லிவருகிறேன். குரோமியத்திலிருந்தும் கிளைகள் பிரிந்தன. மொசில்லாவின் தலைமைப் பொறுப்பிலிருந்து 2014-இல் விலகிய பிரெண்டன் ஐக் தொடங்கிய பிரேவ் அவற்றில் பெயர்பெற்றது. அது விளம்பரங்களையும் கண்காணிப்பையும் இயல்பாகவே தடுக்கிறது. ஆனால் திரும்பும் வழி அங்கே அடைபட்டிருக்கிறது: பிரேவ் கண்ட காப்புகளை அடிமரத்தில் சேர்ப்பதால் கூகுளுக்கு இழப்பே மிஞ்சும். விளம்பரத் தடுப்பு நீட்சிகளின் அடித்தளத்தைக் கூகுள் புதிய விதிகளால் சுருக்கியபோது, பழையதைக் காப்பாற்றும் சுமை ஒவ்வொரு கிளையின் தலையிலும் விழுந்தது. கிளை தழைக்கலாம், அடிமரத்தின் போக்கை மாற்ற முடியாது.

டோர் உலாவி பாதுகாப்பானதுதானா என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. 2013 ஆகஸ்டில் அமெரிக்காவின் எஃப்பிஐ, குழந்தைகளைச் சீரழிக்கும் படங்கள் பரவிய சர்வர்களைக் கைப்பற்றி, அங்கே வந்த டோர் உலாவிகளுக்குள் பயர்பாக்ஸின் ஓட்டை ஒன்றின் வழியே நுழைந்து பயனர்களின் உண்மை முகவரியை எடுத்தது. அந்த ஓட்டையை மொசில்லா ஜூனிலேயே அடைத்திருந்தது. பழைய பதிப்பை மாற்றாமல் வைத்திருந்தவர்களே மாட்டினார்கள். அதே ஆண்டு ஸ்னோடன் வெளிப்படுத்திய ஆவணங்கள், அமெரிக்க உளவு நிறுவனமும் டோர் வலையமைப்பை உடைக்கத் திணறி, பயர்பாக்ஸின் ஓட்டைகளையே நாடியதைக் காட்டின. அடிமரத்தின் நோய் கிளைக்கும் தொற்றும் என்பது இந்த ஏற்பாட்டின் நிரந்தர பலவீனம். அந்தக் கெட்ட ஆண்டில் ஒரு நல்ல வேலையும் நடந்தது. நிரல் திறந்திருந்தாலும் நாம் இறக்கிக்கொள்ளும் கோப்பு அதே நிரலிலிருந்து செய்யப்பட்டதுதானா என்று யாருக்குத் தெரியும்? கட்டும் கணினியில் யாராவது கைவைத்திருந்தால்? பிட்காயின் குழு பயன்படுத்திய முறையைக் கைக்கொண்டு, வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு கணினியில் கட்டினாலும் எழுத்துக்கு எழுத்து ஒரே கோப்பு வரும்படி டோர் குழு செய்தது. நிரலைப் பார்க்கலாம் என்ற வாக்குறுதிக்கு உண்மையில் பொருள் வந்தது அதற்குப் பிறகுதான். குற்றவாளிகளும் டோரைப் பயன்படுத்துகிறார்கள் என்ற ஆட்சேபத்துக்கு மறுப்பில்லை, பயன்படுத்துகிறார்கள். தணிக்கை மிகுந்த நாடுகளின் செய்தியாளர்களும், வீட்டு வன்முறையிலிருந்து தப்பி ஒளிந்திருப்பவர்களும், போலீஸாரும் அதே கூட்டத்தில் இருக்கிறார்கள். ஒருவரை மட்டும் பிரித்துக் காட்டும் கதவு வைத்தால் கூட்டமே கலைந்துவிடும்.

டோர் அமைப்பின் வருமானத்தில் பெரும்பகுதி பல ஆண்டுகள் அமெரிக்க அரசின் மானியங்களிலிருந்தே வந்தது என்பதைச் சந்தேகத்தோடு சுட்டுகிறவர்கள் உண்டு. அந்தச் சந்தேகம் நியாயமானது; திறந்த நிரலும் ஒத்துப்பார்க்கும் முறையும் அதற்குப் பெருமளவு விடை தருகின்றன. எனக்குப் பெரிய கவலை வேறிடத்தில். பிரிந்துபோகும் உரிமைக்கு ஓர் அடிமரம் வேண்டும். முழு உலாவியையும் தனியாக எழுதி, வாரந்தோறும் ஓட்டையடைத்துப் பராமரிக்க டோர் குழுவால் முடியாது. 2023 ஏப்ரலில் டோர் அமைப்பும் சுவீடனின் முல்வாட் நிறுவனமும் சேர்ந்து, டோர் வலையமைப்பு இல்லாமல் அதன் காப்புகளை மட்டும் கொண்ட முல்வாட் உலாவியை வெளியிட்டன, அதுவும் பயர்பாக்ஸ்தான். லிப்ரவுல்ஃப் போன்ற சிறு கிளைகளும் அப்படியே. பயர்பாக்ஸோ கூகுளின் பணத்தில் நிற்கிறது. 2025-இல் கூகுளின் தேடல் ஏகபோக வழக்கில் சாட்சி சொன்ன மொசில்லாவின் நிதித் தலைவர், நிறுவனத்தின் வருமானத்தில் ஏறத்தாழ 90 விழுக்காடு பயர்பாக்ஸிலிருந்து வருவதாகவும், அதில் ஏறத்தாழ 85 விழுக்காடு கூகுள் ஒப்பந்தத்திலிருந்து வருவதாகவும் சொன்னார். அந்தக் கொடுப்பனவைத் தடைசெய்தால் உலாவியே பிழைக்காது என்பது மொசில்லாவின் அச்சம். அந்த ஆண்டு செப்டம்பரில் நீதிபதி அமித் மேத்தா பிரத்தியேக ஒப்பந்தங்களைத் தடுத்தார், ஆனால் கொடுப்பனவைத் தடுக்கவில்லை. விளம்பரத்தில் வாழும் நிறுவனத்தின் காசில்தான் விளம்பரக் கண்காணிப்புக்கு எதிரான உலாவியின் அடிமரம் இன்னும் நீர் குடிக்கிறது. அந்தக் காசு எந்த ஒப்பந்தப் புதுப்பிப்பில் நின்றாலும், டோர் உலாவிக்கு மாற்று அடிமரம் இன்று கைவசம் இல்லை.